விலையும் பிடிப்பும்

தூண்டில் முள்ளின்மேல் இறகையும் உரோமத்தையும் நூலால் சுற்றிப் பூச்சியின் உருவைச் சமைப்பது ஒரு நுண்தொழில். ட்ரௌட் மீன் அதனை மெய்யான ஈயென்று நம்பிக் கவ்வும். சுற்றி முடியுமட்டும் முள்ளை அசையாது பற்றி நிற்பது ஒரு சிறு வைஸ். அமெரிக்காவில் தாம்ப்ஸன் கம்பெனியார் செய்த 'மாடல் ஏ' வைஸைப் பின்பற்றி நம் இந்தியப் பட்டறைகள் செய்தனுப்பும் மலிவான வைஸ்களைக் கொண்டே அயல்நாடுகளில் பலர் இத்தொழிலைத் தொடங்குகின்றனர்.

விலை குறைவு என்பதற்காக மட்டும் வாங்கிவிடலாகாது. தாடையின் எஃகுக்குத் தக்க பதம் ஏற்றாவிடில், முள் அழுந்திய இடம் குழிந்துபோம். பிறகு பிடி நில்லாது. ஆகவே பெரிய முள்ளொன்றையும் சிறிய முள்ளொன்றையும் மாறி மாறி மாட்டி, நூல் கட்டும் காதை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். முள் வளைந்து மீளலாம், நழுவலாகாது. மேஜையோடு இறுக்கும் திருகும் ஆடாது நிற்க வேண்டும். சுழலும் தலை முதலியவை புதியவருக்கு அவசியமில்லை.

சுதேசிச் சரக்கென்ற அபிமானம் ஒரு முறை வாங்கச் செய்யும். மறுமுறை வாங்கச் செய்வது தரமே. பதமேற்றும் சிறு செலவை மிச்சம் பிடிக்கும் பட்டறை, தேசத்தின் நற்பெயரையன்றோ செலவழிக்கிறது! மலிவான வைஸ் என்பதோடு நல்ல வைஸ் என்றும் பிறர் சொல்லவேண்டுமென்பதே நம் விருப்பம்.