பொருந்துவது வேறு, பொருத்தமானது வேறு

கம்ப்யூட்டர் பத்திரிகையில் பழைய ஆம்ப்ளிஃபையருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ‘உள்ளே ஒன்று கெட்டுப்போனால் மொத்தத்தையும் மாற்ற வேண்டுமா?’ இதற்கு எனக்கு நல்ல பதில் கிடைத்தது ஒரு கம்ப்யூட்டருக்குள் அல்ல. இங்கிலாந்தில் ஒரு பழைய ப்ரீஆம்ப்ளிஃபையருக்குள்.

2023-ல் அலுவலக வேலையாக ரெடிங் நகரில் ஆறு மாதம் தங்கியிருந்தேன். நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் ஓய்வு பெற்றவர். அலமாரி நிறைய எல்.பி. இசைத்தட்டுகள் வைத்திருந்தார். ஆனால் இரண்டு வருடமாக ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. பழைய ப்ரீஆம்ப்ளிஃபையர் பழுதாகிவிட, அதற்குப் பதில் செகண்ட்ஹேண்டில் ஒன்று வாங்கியிருந்தார். அதில் சிடி நன்றாகப் பாடியது. இசைத்தட்டைப் போட்டால் மட்டும் கொசு ரீங்காரம் மாதிரி மெல்லிய சத்தம். பேஸ் அறவே இல்லை. ஊசியை இரண்டு முறை மாற்றினார். கடையில் காட்டினார். ‘மெயின் போர்டு போய்விட்டது, செலவு செய்வது வீண், புதிது வாங்குங்கள்’ என்று சொல்லிவிட்டார்கள். தூக்கிப் போடும் முன் ஒரு தடவை திறந்து பார்க்கலாமா என்று கேட்டேன். சரி என்றார்.

உள்ளே ஒரு குட்டிக் கம்ப்யூட்டர்

ப்ரீஆம்ப்ளிஃபையரின் வேலை எளிமையானது. சிடி, ரேடியோ, டேப், இசைத்தட்டு ஆகியவற்றில் நமக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுத்து, சிக்னலைத் தேவையான அளவுக்கு உயர்த்தி, பவர் ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பும். வால்யூம் கன்ட்ரோலும் இதில்தான் இருக்கும்.

அவருடையது சாலிஸ்பரி நகரைச் சேர்ந்த நேம் ஆடியோ நிறுவனத்தின் என்.ஏ.சி. 72. 1990-களில் விற்பனையான மாடல். இதற்கென்று தனி மெயின்ஸ் ஒயர் கிடையாது. 24 வோல்ட் மின்சாரத்தைப் பவர் ஆம்ப்ளிஃபையரிலிருந்தோ தனி சப்ளையிலிருந்தோ வாங்கிக் கொள்ளும். மேல் மூடியைக் கழற்றியதும் எனக்குச் சிரிப்பு வந்தது. கீழே ஒரு மதர்போர்டு, அதன் பின்களில் செருகிய சின்னச் சின்ன அட்டைகள். நம் பி.சி.யில் கார்டு செருகுவது போலவேதான். இடது ஸ்பீக்கருக்கு ஒன்று, வலது ஸ்பீக்கருக்கு ஒன்று என்று அட்டைகள் ஜோடி ஜோடியாக இருக்கும்.

ஒவ்வொரு வகை அட்டைக்கும் ஓர் எண் உண்டு. 321 என்றால் சிடி, ரேடியோ போன்ற சாதாரண லைன் இன்புட். 322 என்றால் மூவிங் மேக்னட் வகை இசைத்தட்டு ஊசி. 323 என்றால் மூவிங் காயில் வகை. எண்ணுக்குப் பின்னால் எஸ், கே என்று எழுத்து வந்தால் அதையும் குறித்துக்கொள்ள வேண்டும். எந்த ஊசிக்கு ஏற்றபடி அமைத்தது என்பதை அது காட்டும். இரண்டு பக்கமும் ஒரே எழுத்தாக இருக்க வேண்டும்.

வீட்டுக்காரரின் பெட்டியில் இசைத்தட்டுக்கான இடத்தில் 321 இருந்தது! சிடி பரவிய காலத்தில் பலர் இசைத்தட்டு அட்டையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் லைன் அட்டை போட்டு சிடி பிளேயரை இணைத்துக் கொண்டார்கள். முந்தைய சொந்தக்காரரும் அதைத்தான் செய்திருக்கிறார். விற்றபோது சொல்லவில்லை. எதுவும் கெட்டுப்போகவே இல்லை!

ஏன் சத்தம் வரவில்லை?

சிடி பிளேயர் உச்சத்தில் சுமார் 2 வோல்ட் தரும். மூவிங் மேக்னட் ஊசி தருவது 5 மில்லிவோல்ட் அளவுதான். மூவிங் காயில் இன்னும் மோசம், பெரும்பாலும் அரை மில்லிவோல்ட்டுக்கும் கீழே. லைன் அட்டை இவ்வளவு சிறிய சிக்னலுக்காகச் செய்யப்பட்டதல்ல.

பேஸ் போனதற்கு வேறு காரணம். இசைத்தட்டில் பதியும்போதே பேஸைக் குறைத்து, ட்ரெபிளைக் கூட்டிப் பதிகிறார்கள். பேஸை அப்படியே பதிந்தால் பள்ளம் அகலமாகித் தட்டில் இடம் போதாது. ட்ரெபிளைக் கூட்டுவது உராய்வு இரைச்சலை அமுக்குவதற்காக. 1950-களில் இதற்குப் பொது அளவு வந்தது, ஆர்.ஐ.ஏ.ஏ. என்பார்கள். கேட்கும்போது அதைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். 20 ஹெர்ட்ஸில் சுமார் 19 டெசிபல் கூட்டி, 20,000 ஹெர்ட்ஸில் சுமார் 20 டெசிபல் குறைக்க வேண்டும். 322, 323 அட்டைகளுக்கு இது தெரியும். 321-க்குத் தெரியாது.

ஊசியின் மாடல் எண்ணைப் பார்த்தோம். மூவிங் மேக்னட். பழைய 322 ஜோடி ஒன்று வாங்கினோம். எல்லாவற்றையும் அணைத்து, ஒயர்களைக் கழற்றி, சிறிது நேரம் பொறுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு, பின்கள் வளையாமல் அட்டைகளை மாற்றினேன். பவர் ஆம்ப்ளிஃபையர் பெட்டியைத் தொடவில்லை. அங்கே மெயின்ஸ் மின்சாரம் இருக்கிறது. பழக்கமில்லாதவர்கள் அதைத் திறக்கவே கூடாது.

பேஸ் வந்துவிட்டது. ஆனால் இடது பக்கம் ‘உஸ்’ என்று இரைச்சல். இடது அட்டையை வலதிலும் வலது அட்டையை இடதிலும் மாற்றிச் செருகினேன். இரைச்சல் வலது பக்கம் போய்விட்டது. ஆக, குற்றவாளி அட்டைதான், மதர்போர்டு அல்ல. நகராமல் அங்கேயே நின்றிருந்தால் வேறு இடத்தில் தேட வேண்டியிருக்கும். விற்றவர் அதை வாங்கிக்கொண்டு வேறு ஜோடி அனுப்பினார். அன்று இரவு அந்த வீட்டில் ஒரு மணி வரை தூங்க முடியவில்லை. வீட்டுக்காரர் தட்டு மேல் தட்டாகப் போட்டுக்கொண்டே இருந்தார்.

உங்கள் கம்ப்யூட்டருக்கு இதில் என்ன?

நிறைய இருக்கிறது. எம்.2 எஸ்.எஸ்.டி.யை எடுத்துக்கொள்ளுங்கள். சாட்டா வகை, என்விஎம்இ வகை இரண்டும் பார்ப்பதற்கு ஒன்று போலவே இருக்கும். என்விஎம்இ மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் சாட்டா வகையைச் செருகினால் அழகாக உட்காரும். கம்ப்யூட்டருக்கு அது தெரியவே தெரியாது. ‘எஸ்.எஸ்.டி. போச்சு’ என்று முடிவு கட்டிவிடுவோம். டிடிஆர்4, டிடிஆர்5 ராம்களில் இந்தத் தொல்லை இல்லை. வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் தவறான ராம் உள்ளே போகாது. நல்ல வடிவமைப்பு என்பது இதுதான்.

இரைச்சலைக் கண்டுபிடித்த உத்தியும் அப்படியே உதவும். இரண்டு ராம் இருந்து கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோனால், ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். கோளாறு ராமோடு போகிறதா, ஸ்லாட்டிலேயே நிற்கிறதா என்று தெரிந்துவிடும். வாரண்டி இருந்தால், திறக்கும் முன் விற்றவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் கருத்து இதுதான். ஒரு கருவியின் ஆயுளை நீட்டுவது ஸ்லாட் மட்டுமல்ல, அட்டையின் மேல் இருக்கும் எண்ணும்தான். அந்த எண் இல்லாவிட்டால் நானும் கடைக்காரர் மாதிரியே கையை விரித்திருப்பேன். எனவே புதுக் கம்ப்யூட்டர் வாங்கிய முதல் வாரமே ஒரு நோட்டில் மாடல் எண், ராம் வகை, எஸ்.எஸ்.டி. வகை, சார்ஜர் வோல்ட் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரி பகுதியைப் பார்த்தாலே எத்தனை ராம் ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கிறது என்று தெரியும்.

எல்லாமே கழற்றி மாட்டும்படி இருக்க வேண்டும் என்று நான் வாதாடவில்லை. மெல்லிய லேப்டாப்களில் ராமை மதர்போர்டிலேயே பற்றவைக்கிறார்கள். மின்சாரமும் இடமும் மிச்சம். செருகும் இடமும் பிரச்னை தரலாம். பின்னில் அழுக்கு படிந்தால் தொடர்பு விட்டுப்போகும். ஆனால் ராம் பற்றவைத்தது என்பதை வாங்கும் முன்பே தெரிந்துகொள்வது உங்கள் உரிமை. கேட்டு வாங்குங்கள்.

இனி யாராவது ‘மதர்போர்டு போயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க’ என்றால் உடனே பர்ஸைத் திறக்காதீர்கள். ‘உள்ளே என்ன எண் அட்டை இருக்கிறது? மாற்றிப் போட்டுப் பார்த்தீர்களா?’ என்று கேளுங்கள். அதற்கு அவர் என்ன பதில் சொல்கிறார் என்று பார்த்து முடிவு செய்யலாம்.