மதிப்பெண் பட்டியலில் இடம்பெறாத திறன்கள்: ஒரு பொது வேண்டுகோள்

தமிழ்நாட்டின் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் பயிலும் மாணவர்களின் பெற்றோர், ஆசிரியர், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், முன்னாள் மாணவர் ஆகிய அனைவரின் முன்பும், ஆசிரியர்களும் பெற்றோரும் இணைந்த குழு ஒன்று இவ்வேண்டுகோளைப் பணிவுடன் வைக்கிறது.

பத்தாம் வகுப்பு முடிக்கும் மாணவர் 500-க்கு எத்தனை பெற்றார் என்பதையும், பன்னிரண்டாம் வகுப்பு முடிப்பவர் 600-க்கு எத்தனை பெற்றார் என்பதையும் வீடும் தெருவும் அறிந்திருக்கின்றன. ஆனால் பிறர் பேசும்போது அவர் பொறுமையாகக் கேட்பவரா, கூட்டு வேலையில் தம் பங்கை ஏற்பவரா, தவறு நேர்ந்தால் ஒப்புக்கொள்பவரா என்பதை அவரே எண்ணிப் பார்ப்பதற்குப் பள்ளி ஆண்டுகளில் வாய்ப்பு மிக அரிதாகவே அமைகிறது. அவ்வாய்ப்பை உருவாக்கித் தருவது பெரியவர்களின் கடமை என்பதே இக்குழுவின் உறுதியான கருத்து.

பிறருடன் இணைந்து வாழவும் தன்னைத்தானே நெறிப்படுத்திக்கொள்ளவும் உதவும் இத்தகைய ஆற்றல்கள் மென்திறன்கள் எனப்படுகின்றன. அமெரிக்கத் தரைப்படையின் பயிற்சித் துறை 1972-இல், இயந்திரங்களைக் கையாளும் திறன்களிலிருந்து ஆட்களை வழிநடத்துவது போன்ற திறன்களைப் பிரித்துக் காட்ட இச்சொல்லைப் பயன்படுத்தியது. ஆகவே 'மென்' என்னும் அடைமொழி எளிதில் கைவருவது என்றோ முக்கியம் குறைந்தது என்றோ பொருள்படாது. உலகச் சுகாதார நிறுவனம் 1990-களில் இவற்றை ஒத்த பத்தினை வாழ்க்கைத் திறன்கள் என வகுத்தது: தன்னை அறிதல், பிறர் நிலையை உணர்தல், ஆய்ந்து சிந்தித்தல், புதுமையாகச் சிந்தித்தல், முடிவெடுத்தல், சிக்கலைத் தீர்த்தல், கருத்தைத் தெளிவாகப் பரிமாறுதல், நல்லுறவு பேணுதல், மன அழுத்தத்தைச் சமாளித்தல், உணர்ச்சிகளைக் கையாளுதல். இவற்றுள் தன்னை அறிதல் மற்ற ஒன்பதுக்கும் வாசலாக அமைகிறது; ஏனெனில் தன்னிடம் இருப்பது எது, குறைவது எது என்று காணாதவரால் எதையும் முயன்று வளர்த்துக்கொள்ள இயலாது.

அவ்வாறு காண்பதற்கான வழியே மீள்நோக்கு, அதாவது நடந்து முடிந்த ஒரு செயலை மனத்தில் திரும்பக் கொண்டுவந்து, என்ன நடந்தது, ஏன் அவ்வாறு நடந்தது, அடுத்த முறை எதை மாற்றலாம் என்று நிதானமாக ஆராய்தல். அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி 1910-இல் வெளியிட்ட நூலில் இத்தகைய ஆழ்ந்த சிந்தனையைக் கல்வியின் நடுவில் வைத்தார்.

மாணவர்களிடம் இத்திறன்கள் இல்லாமல் இல்லை. அவர்கள் அவற்றைத் திறன்களாக உணராததே குறை. வங்கியில் பாட்டியின் அருகில் அமர்ந்து, பணம் எடுக்கும் படிவத்தை நிரப்பி, கையெழுத்திட வேண்டிய இடத்தைக் காட்டி, பாட்டி மூன்று முறை கேட்டாலும் முகம் சுளிக்காமல் விளக்கும் பதினோராம் வகுப்பு மாணவியை எந்த ஊரிலும் காணலாம். அவரிடம் 'உனக்கு என்ன திறமை இருக்கிறது?' என்று கேட்டால், 'ஒன்றும் இல்லை' என்றே பதில் வரக்கூடும். படிவம் நிரப்பத் தெரியாத ஒருவருக்கு அவர் மனம் நோகாமல் ஒன்றைப் புரியவைப்பது பயிற்சி பெற்ற அலுவலரிடமும் எளிதில் காணக் கிடைக்காத ஆற்றல் என்பதை அம்மாணவிக்கு எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும்.

பள்ளிக்குள்ளும் இதற்கான களங்கள் பல உள்ளன. அறிவியல் கண்காட்சிக்கு நான்கு மாணவர்கள் சேர்ந்து நீர் சுத்திகரிப்பு மாதிரி ஒன்றைச் செய்கிறார்கள் என்றும், முந்தைய நாள் மாலையில் மோட்டார் ஓடாமல் நின்றுவிடுகிறது என்றும் கொள்வோம். கண்காட்சி முடிந்த பின் 'எப்படி இருந்தது?' என்று கேட்டால், 'நன்றாக இருந்தது' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். 'மோட்டார் நின்றதும் முதலில் பேசியவர் யார், என்ன சொன்னார்? பழி யார் மேல் விழுந்தது, அவர் முகம் எப்படி மாறியது? அப்போது நீ பேசினாயா, ஒதுங்கி நின்றாயா?' என்று கேட்டால், மாணவர் தம் நடத்தையைத் தாமே பார்க்கத் தொடங்குவார். நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாம், விளையாட்டு விழா, காலை வழிபாட்டுக் கூட்டம் ஆகிய ஒவ்வொன்றிலும் இத்தகைய கேள்விகளுக்கு இடமுண்டு.

மாணவர்கள் தம் மீள்நோக்கைக் குறிப்பேட்டில் எழுதும்போது அதற்கு மதிப்பெண் வழங்கலாகாது என்பதை இக்குழு அழுத்தமாக வலியுறுத்துகிறது. மதிப்பெண் உண்டு என்று தெரிந்தவுடன் மாணவர் உள்ளதை எழுதாமல், ஆசிரியர் விரும்புவதையே எழுதுவார். மீள்நோக்குக் குறிப்பேட்டை வகுப்பில் உரக்கப் படிப்பதும், பிற மாணவரோடு ஒப்பிடுவதும், எழுதிய குறையைப் பின்னர் கண்டிக்கும்போது எடுத்துக்காட்டுவதும் குழந்தையின் நம்பிக்கையை முறித்துவிடும். கூச்ச சுபாவத்தைக் குறையாகக் கருதுவதும் தவறு. குறைவாகப் பேசுபவர் பலர் நன்றாகக் கேட்பவர்களாக இருக்கிறார்கள்.

ஆகவே, ஆசிரியர்கள் வாரத்தில் ஒரு பாடவேளையின் ஒரு பகுதியை ஒதுக்கி, ஒரு நிகழ்ச்சியைப் பற்றி அரைப் பக்கம் எழுதச் செய்யுமாறும், முதலில் தங்கள் தவறு ஒன்றைத் தாங்களே வகுப்பில் ஒப்புக்கொண்டு வழிகாட்டுமாறும் இக்குழு வேண்டுகிறது. தலைமையாசிரியர்கள் அப்பாடவேளையைத் தேர்வுக் காலத்திலும் பிற பாடங்களுக்கு எடுத்துக்கொள்ளாமல் காக்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுக்கள் தங்கள் கூட்டங்களில் தேர்ச்சி விகிதத்தோடு இதனையும் பேசுபொருளாக்க வேண்டும். பணியில் இருக்கும் முன்னாள் மாணவர்கள் பள்ளிக்கு வந்து, தாங்கள் வென்ற கதையோடு நின்றுவிடாமல், உடன் பணிபுரிவோருடன் ஏற்பட்ட பிணக்கை எவ்வாறு தீர்த்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

பெற்றோரிடம் இக்குழு கேட்பது மிகச் சிறியது. இரவு உணவின்போது 'இன்று டெஸ்டில் எத்தனை மார்க்?' என்ற கேள்விக்கு முன்பாக, 'இன்று யாருக்காவது உதவினாயா, யாரிடமாவது உதவி கேட்டாயா?' என்று கேட்டு, பதில் வரும்வரை குறுக்கிடாமல் காத்திருக்க வேண்டும். முதல் சில நாட்கள் மௌனமே பதிலாக இருக்கலாம். அதனால் மனம் தளராமல் தொடர்ந்து கேட்குமாறும், இதனை இந்த வாரமே தொடங்குமாறும் இக்குழு அனைவரையும் கேட்டுக்கொள்கிறது.