அப்பா பேர், பிள்ளை படம்

எங்கள் செக்‌ஷன் சூப்பரின்டெண்ட் போன மாதம் ரிடையர் ஆனார். தஞ்சாவூர்க்காரர். பெரிய கோயில் பிராகாரத்தில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்தவர். வழக்கமான குத்துவிளக்கு, சுவர்க் கடிகாரம் வேண்டாம், சொந்த ஊர் சமாச்சாரமாக ஏதாவது கொடுப்போம் என்று முடிவாயிற்று. தலைக்கு நூறு ரூபாய். வாங்குகிற பொறுப்பு, கம்ப்யூட்டர் தெரிந்த பாவத்துக்கு, என் தலையில்.

ஆன்லைன் கடை ஒன்றில் பெரிய கோயில் படம், ஃப்ரேமோடு ஆர்டர் செய்தேன். கீழே கொட்டை எழுத்தில் 'தஞ்சாவூர்'. பன்னிரண்டு பேர் பார்த்து 'பிரமாதம்' என்றோம்.

மனுஷர் பிரித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"தம்பி, நான் அப்பா வீட்டுக்காரன். நீங்க பிள்ளை வீட்டைக் கொண்டாந்திருக்கீங்க!"

புரியாமல் விழித்தோம். அவரே விளக்கினார். ராஜராஜன் தஞ்சாவூரில் 1010-ல் கட்டி முடித்த விமானம் 13 நிலை. விறைப்பாக நேரே மேலே ஏறும். மகன் ராஜேந்திரன் கங்கைகொண்ட சோழபுரத்தில் கட்டியது அதைவிட உயரம் கம்மி, 9 நிலை. பக்கங்கள் உள்வாங்கி வளைந்து ஏறும். இரண்டுக்கும் பேர் என்னவோ பிரகதீஸ்வரர் கோயில்தான். எங்கள் படத்தில் அந்த வளைவு பளிச்சென்று தெரிந்தது, சொன்ன பிறகு!

ராத்திரி விசாரித்ததில், அந்த மாதிரிக் கடைகளில் சரக்கே கிடையாதாம். யாரோ ஒருவர் போட்டோவை ஏற்றி, ஜனங்கள் தேடக்கூடிய ஊர்ப் பேர்களைப் பக்கத்தில் எழுதிவிடுகிறார். நாம் பணம் கட்டின பிறகுதான் மெஷின் ஒரே ஒரு பிரதி அச்சடிக்கிறது. படம் ஏற்றினவர், அச்சடித்தவர், பார்சல் கட்டினவர் மூவரும் கோயிலைப் பார்த்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. கோயில் வாசலில் கடை போட்டிருப்பவர் இப்படி விற்க முடியுமா? தலையைத் திருப்பினால் கோபுரம்!

லண்டனுக்கும் இதே கதிதான். இரட்டைக் கோபுரம் வைத்த டவர் பிரிட்ஜ் (1894) படத்துக்கு 'லண்டன் பிரிட்ஜ்' என்று பேர் போட்டு விற்கிறார்கள். நிஜ லண்டன் பிரிட்ஜ் 1973-ல் திறந்த சாதாரண கான்கிரீட் பாலம். அதைப் போட்டால் யார் வாங்குவார்கள்?

கடைக்குப் புகார் எழுதினேன். 'படம் கிழியவில்லை, அச்சு மங்கவில்லை, ஆகவே பணம் திருப்பித் தர இயலாது' என்று பதில்.

மெஷினைத் திட்டி என்ன பிரயோஜனம்? எங்கள் பன்னிரண்டு பேரில் பாதிப் பேர் தஞ்சாவூர் போய் வந்தவர்கள். நானும்தான். கோபுரத்துக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பியவர்கள்.

போன ஞாயிறு அவர் வீட்டுக்குப் போனேன். படம் ஹாலில் தொங்கியது.

"வேற மாத்தித் தர்றேன் சார்" என்றேன், கூச்சத்தோடு.

"இருக்கட்டும்யா. பிள்ளை பேருக்கு முன்னால அப்பா பேர் போடறது நம்ம வழக்கம்தானே? இனிஷியல்னு நெனச்சுக்கறேன்!"