கோல கங்சாரின் முதிய ரப்பர் மரமும் நம் கடமையும்

ஓர் ஊருக்குப் பெருமை சேர்ப்பவை அதன் மாளிகைகள் மட்டுமல்ல. அவ்வூர் வளர்ந்த காலமெல்லாம் உடனிருந்து, இன்றும் உயிரோடு நிற்கும் முதிய மரங்களும் அதன் செல்வங்களே. பண்டைத் தமிழ் வேந்தர்கள் காவல் மரங்களைப் பேணினர். அம்மரத்தைப் பகைவர் வெட்டினால் நாட்டின் மானமே வெட்டுண்டதாகக் கருதினர். மலேசியத் தமிழராகிய நமக்கும் அத்தகைய மரம் ஒன்று உண்டு. பேராக் மாநிலத்தின் அரச நகராகிய கோல கங்சாரில், மாவட்ட அலுவலகத்தின் அருகே, வேலிக்குள் நிற்கும் முதிய ரப்பர் மரமே அது.

அன்பார்ந்த மாணவச் செல்வங்களே! அதன் வரலாற்றைக் கேளுங்கள். ரப்பர் மரத்தின் தாயகம் தென் அமெரிக்கா. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்காம் என்னும் ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டனிலுள்ள கியூ தாவரவியல் பூங்காவிற்குக் கொண்டு சேர்த்தார். ரப்பர் விதை முளைக்கும் ஆற்றலை விரைவில் இழந்துவிடும். ஆதலின் முளைத்தவை மிகச் சிலவே. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூரை வந்தடைந்தன. அவற்றுள் 9 கன்றுகள் கோல கங்சாருக்குக் கொண்டுவரப்பட்டு, பேராக் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோவின் இல்லத்தை ஒட்டி நடப்பட்டன என்பர். அவற்றுள் எஞ்சியதாகப் போற்றப்படுவதே இம்மரம்.

தொடக்கத்தில் ரப்பரை எவரும் பொருட்படுத்தவில்லை. 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பேற்ற ரிட்லி என்பவர், மரத்திற்குக் கேடு நேராமல் மீண்டும் மீண்டும் பால்வெட்டும் முறையைக் கண்டு காட்டினார். மோட்டார் வாகனங்கள் பெருகவே, மலாயாவின் காடுகள் ரப்பர்த் தோட்டங்களாயின.

அக்காடுகளைத் திருத்தியவர் யார்? நிரை பிடித்துக் கன்று நட்டவர் யார்? விடியுமுன் பெரட்டுக்கு நின்று, உளி பிடித்துப் பால்வெட்டி, மங்கு மங்காகச் சேர்த்த பாலை வாளியில் சுமந்தவர் யார்? கங்காணிமாரை நம்பிக் கப்பலேறி வந்த நம் பாட்டன் பாட்டிமார் அல்லரோ! ஆகவே இம்மரத்தின் கதை நம் குடும்பங்களின் கதையுமாகும்.

இன்று நிலைமை மாறிவிட்டது. ரப்பர்க் காடுகள் பல செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறின. லயங்கள் மறைந்தன. பால்மரத்தையே கண்டிராத பிள்ளைகள் நம்மிடையே வளர்கின்றனர். தோட்டத்து ரப்பர் மரம் 25 அல்லது 30 ஆண்டுகளில் பயன் குன்றியதென வெட்டப்படும். ஆயின் கோல கங்சார் மரமோ தலைமுறைகள் பல கடந்து நிற்கின்றது. நம் முன்னோரின் உழைப்பிற்கு உயிருள்ள சாட்சியாக விளங்கும் அதனை இழந்தால், மீண்டும் பெற இயலுமோ?

"பயன் தராத கிழட்டு மரத்திற்கு இத்துணைச் சிறப்பா?" எனச் சிலர் வினவலாம். சம்பாத்தியம் இல்லை என்பதற்காகத் தாத்தாவை வீட்டை விட்டு அனுப்புவோமா? "அந்நியர் நட்ட மரந்தானே?" என வேறு சிலர் கேட்கலாம். விதை அந்நியருடையதாயினும், அதை நாட்டின் செல்வமாக்கிய வியர்வை நம்முடையது.

மனிதர் மனம் வைத்தால் மரத்தைக் காக்கலாம் என்பதற்குக் கோலாலம்பூரே சான்று. புக்கிட் நானாஸில் கோபுரம் எழுப்பப்பட்டு 1996இல் திறக்கப்பட்டது. அதன் கட்டுமானத்தின்போது, அங்கு நின்ற நூறாண்டு கடந்த ஜெலுத்தோங் மரம் ஒன்றை வெட்டாமல், பெரும் பொருட்செலவில் தடுப்புச் சுவர் எழுப்பிக் காத்தனர். சிங்கப்பூரின் சாங்கியிலோ, ஏறத்தாழ 150 ஆண்டுகள் பழைமையுடையதாகக் கணிக்கப்பட்ட செங்கால் மரம் ஒன்று 2002இல் உரிய அனுமதியின்றி வெட்டப்பட்டது. மக்கள் கொதித்தெழுந்தனர். வெட்டச் செய்தோருக்கு அபராதமும் விதிக்கப்பட்டது. எனினும் அபராதப் பணம் அம்மரத்தை மீட்டுத் தரவில்லை. வெட்டிய பின் வருந்துவதினும் வெட்டுமுன் விழித்திருப்பதே அறிவுடைமை.

நம் நாட்டில் சட்டத்தின் துணையும் உண்டு. 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தில் 1995இல் மரப் பாதுகாப்பு விதிகள் சேர்க்கப்பட்டன. அவற்றின்படி ஊராட்சி மன்றங்கள் மரப் பாதுகாப்பு ஆணை பிறப்பிக்கலாம். ஆனால் சட்டத்திற்குக் கண்ணும் வாயும் மக்களே. கேட்பார் இல்லாத மரத்திற்குச் சட்டம் இருந்தும் பயனில்லை.

ஆகவே நாம் செய்யத்தக்கவை சில உள. ஆசிரியர்கள் மாணவர்களைக் கல்விச் சுற்றுலாவில் கோல கங்சாருக்கு அழைத்துச் சென்று இம்மரத்தைக் காட்டுதல் வேண்டும். அங்குச் செல்லும் சிறுவர்கள் எந்த முதிய மரத்தின் பட்டையிலும் பெயர் செதுக்கலாகாது. பட்டையில் படும் காயத்தின் வழியே நோய் புகும். அடிமரத்தைச் சுற்றிச் சிமெண்டு பூசுவதும், வாகனங்களை நிறுத்தி மண்ணை இறுகச் செய்வதும் வேரை மூச்சுத்திணறச் செய்யும் என்பதைப் பெரியோரும் உணர வேண்டும். கிளை பட்டுப்போவதையோ வேலி சிதைவதையோ கண்டால் உடனே நகராண்மைக் கழகத்திற்குத் தெரிவித்தல் நன்று. அம்மரம் விதை உதிர்க்குமாயின், அனுமதி பெற்று, விதையின் ஈரம் காயுமுன் முளைக்க வைத்து, தமிழ்ப் பள்ளிகள்தோறும் ஒரு கன்று வளர்க்கலாம்.

தோட்டப் பாட்டாளிப் பெருமக்களே! உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். நட்டவர் பெயரை நூல்கள் கூறும். பால்வெட்டியவர் கதையை நீங்கள்தாம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். உளி பிடித்த விதத்தையும், மழை நாளில் வேலையின்றி இருந்த துயரத்தையும், ஒட்டுப்பால் பொறுக்கிய காலத்தையும் சொல்லுங்கள். கதை அறிந்த பிள்ளையே மரத்தின் அருமையை அறியும்.

மரம் வைத்தவன் தண்ணீர் வார்ப்பான் என்பது பழமொழி. இம்மரத்தை வைத்தவர்கள் மறைந்து நெடுங்காலமாயிற்று. இனி அதற்குத் தண்ணீர் வார்க்கும் பொறுப்பு, அதன் வழித்தோன்றிய மரங்களால் வாழ்ந்த நம்முடையதே. அப்பொறுப்பை ஏற்போமாக!