இரைச்சலைத் தள்ளிவிடாதீர்கள்

பள்ளியில் எனக்கு எல்லாப் பாடமும் பிரெஞ்சில்தான். அதில் 'ப்ருய்' என்றால் சத்தம். வதந்திக்கும் அதே சொல்தான். இரண்டையும் காதில் வாங்காமல் இருப்பதே நல்லது என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்.

சமீபத்தில் கிராஃபீன் பற்றி ஒரு பிரெஞ்சுக் கட்டுரை படித்தேன். அதில் 'ப்ருய் த கிரனாய்' என்று வந்தது. கிரனாய் என்றால் பறவை சுடுகிற துப்பாக்கியில் போடும் ஈய ரவை. மின்சாரம் தண்ணீர் மாதிரி ஒழுகுவதில்லை. எலக்ட்ரான்கள் ரவை போலத் தனித்தனியாக வந்து விழுகின்றன. அதனால் மின்னோட்டம் எப்போதும் சற்று ஏறி இறங்கும். அதுதான் இந்த இரைச்சல். ஜெர்மனியில் ஷாட்கி 1918-லேயே இதை விளக்கிவிட்டார்.

கிராஃபீன் என்பது பென்சில் கரியிலிருந்து உரித்த, ஓர் அணு கனமே உள்ள ஏடு. 2004-ல் மான்செஸ்டரில் கைமும் நோவோசெலோவும் ஒட்டும் டேப்பால் அதைப் பிரித்தெடுத்தார்கள். 2010-ல் நோபல் பரிசு கிடைத்தது. மின்சாரத்தைச் சுமக்க எலக்ட்ரான்களே மிஞ்சக்கூடாத நிலைக்கு அந்த ஏட்டைக் கொண்டுவந்தாலும் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும்.

எப்படிப் போகிறது? சராசரியை அளந்தால் 'எவ்வளவு' என்று மட்டும் தெரியும். 'எப்படி' என்பதற்கு இரைச்சலைக் கேட்க வேண்டும். எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று சட்டை செய்யாமல் வந்தால் முழு இரைச்சல்; ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு வந்தால் இரைச்சல் குறையும். நீளம் குறைந்து அகலம் கூடிய ஏட்டில் இது மூன்றில் ஒரு பங்காகும் என்று 2006-ல் நெதர்லாந்தின் லெய்டனில் கணக்கிட்டார்கள். 2008-ல் பின்லாந்தில் அளந்தபோது ஏறக்குறைய அதுவே வந்தது.

படித்ததும் என் பழைய ஆபீஸ்தான் ஞாபகம் வந்தது. மனு வாங்கும் கவுண்டருக்கு மாதாமாதம் 'நாளொன்றுக்குச் சராசரி' போட்டு மேலே அனுப்புவது என் வேலை. சராசரியைப் பார்த்தால் ஒரு கவுண்டரே போதும். ஆனால் மாதத்தின் முதல் நாலைந்து நாள் வயதானவர்கள் வெயிலில் வரிசையில் நிற்பார்கள்; பிறகு ஈயாடும். தினசரி எண்ணிக்கை என் பதிவேட்டிலேயே இருந்தது. சராசரி கேட்டார்கள், சராசரி கொடுத்தேன். இரண்டாவது கவுண்டர் நான் ஓய்வு பெறும்வரை வரவில்லை. அதில் எனக்கும் பங்கு உண்டு.

இப்போது அந்த மாதிரி நாற்காலியில் இருக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன்: சராசரியைத் தாராளமாக அனுப்புங்கள். கூடவே தினசரிப் பட்டியலையும் இணைத்து அனுப்புங்கள், யாரும் கேட்காவிட்டாலும்.