கொண்டுசெல்வதும் விட்டுவிடுவதும்

இத்தாலிய ஆயர் பேரவையின் புதிய திருப்பலிப் புத்தகம் 2020 நவம்பர் 29, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று புழக்கத்துக்கு வந்துவிட்டது. 2021 ஏப்ரல் 4, உயிர்ப்புப் பெருவிழா முதல் அது கட்டாயமானது. அதில், ஆண்டவர் கற்றுத்தந்த செபத்தின் சோதனை பற்றிய வரியில் (மத்தேயு 6:13), ‘இட்டுச்செல்லாதேயும்’ என்றிருந்த இடத்தில் ‘கைவிடாதேயும்’ என்ற பொருளில் ஒரு வினை உட்கார்ந்திருக்கிறது. பிரெஞ்சு ஆயர்கள் 2017 டிசம்பரிலேயே ‘நுழைய விடாதேயும்’ என்று மாற்றிக்கொண்டார்கள். ஜெர்மானிய ஆயர்களோ 2018 ஜனவரியில் பழைய வாசகமே இருக்கட்டும் என்று நின்றுவிட்டார்கள். கிரேக்கம் கற்பிக்கிறவர்கள் என்ன சொல்கிறோம் என்று கேட்டு மடல்கள் வந்தபடி இருக்கின்றன.

செபத்தின் சொல்லை மாற்ற ஆயர்களுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் பழைய வாசகம் நல்ல மொழிபெயர்ப்பு அல்ல என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2017இல் தொலைக்காட்சியில் சொன்னதை நம்மால் ஏற்க முடியாது. அது மொழிபெயர்ப்பாக நேர்த்தியானது.

கிரேக்க மூலத்தில் அங்கே வரும் எய்செனெங்கேஸ் என்ற வினையைப் பாருங்கள். அதன் அடிவினையான எய்ஸ்ஃபெரோ புதிய ஏற்பாட்டில் எட்டே இடங்களில் வருகிறது. லூக்கா 5:18-19இல் முடக்குவாதக்காரரைக் கட்டிலோடு சுமந்து வந்தவர்கள் அவரை உள்ளே கொண்டுபோக வழி தேடுகிறார்கள். கூட்டம் இடம் தராததால் கூரைமேல் ஏறி ஓடுகளைப் பிரிக்கிறார்கள். அங்கே இரண்டு முறையும் இதே வினைதான். தோளில் பாரம் அழுந்துகிற சொல் இது. ‘அனுமதித்தல்’ என்ற சாயலை இதன்மேல் ஏற்ற அந்த எட்டு இடங்களில் ஒன்றுகூட உதவாது. அனுமதியைச் சொல்ல மத்தேயுவுக்கு வேறு வினை தெரியும்: 24:43இல் வீட்டுக்காரர் தம் வீட்டைக் கன்னமிட விட்டிருக்கமாட்டார் என்னும்போது எயாவோ வருகிறது. 6:13இல் அவர் அதை எடுக்கவில்லை.

இயேசு பேசிய அரமேயத்தைக் காட்டும் வாதம் பழையது. அஃபேல் வடிவம் காரணப்பொருளையும் தரும், அனுமதிப்பொருளையும் தரும் என்பது விவிலிய அறிஞர் யெரேமியாஸ் முதல் பலர் சொன்னது. இருக்கலாம். ஆனால் நம் கையில் இருப்பது கிரேக்கம். கடவுள் எவரையும் சோதிப்பதில்லை என்னும் யாக்கோபு 1:13ஐக் காட்டுகிறவர்கள் மத்தேயு 4:1ஐயும் காட்ட வேண்டும். அங்கே இயேசுவைப் பாலைநிலத்துக்கு அழைத்துச்செல்பவர் ஆவியானவர், சோதிப்பவன் அலகை. கொண்டுசெல்பவரும் சோதிப்பவனும் வேறு வேறு என்பதை நற்செய்தியாளரே பிரித்துத் தந்திருக்கிறார்.

‘அனுமதி’ என்பது இன்று முளைத்ததும் அல்ல. மூன்றாம் நூற்றாண்டிலேயே சிப்ரியான் இந்த வரியை அப்படித்தான் எடுத்துக்காட்டினார். எரோணிமுஸ் தம் இலத்தீன் மொழிபெயர்ப்பான வுல்காத்தாவில் அதை ஏற்காமல் கிரேக்கத்தோடு நின்றார். தமிழிலும் இந்தப் பிளவு நெடுநாளாக உண்டு. கத்தோலிக்கர் நாவில் ‘விழவிடாதேயும்’. சீர்திருத்தச் சபையார் நாவில் ‘உட்படப்பண்ணாமல்’. பண்ணு என்ற அந்தத் துணைவினை கிரேக்கத்துக்கு எவ்வளவு அருகில் நிற்கிறது என்பதை ஒரு வகுப்பு முழுக்கப் பேசலாம்.

பேச வகுப்பு எங்கே இருக்கிறது? நான் பாடம் எடுத்துவந்த இறையியல் கல்லூரி ஒன்றில் நான்கு பருவங்களாக இருந்த கிரேக்கத்தை ஒரே பருவமாக்கிவிட்டார்கள். நல்ல மொழிபெயர்ப்புகள் இருக்கும்போது இலக்கணம் எதற்கு என்று பாடத்திட்டக் குழுவில் கேட்டார்கள். மூன்று பக்க மறுப்பு எழுதிக் கொடுத்தேன். படித்ததாகக்கூட ஒரு வரி வரவில்லை. ஒரே பருவத்தில் எழுத்தும் வேற்றுமையும் முடிவதற்குள் தேர்வு வந்துவிடுகிறது. எய்செனெங்கேஸின் வடிவமான ஆயோரிஸ்ட் சப்ஜங்டிவ் என்றால் என்னவென்று அறியாமலே மாணவர்கள் பட்டம் பெற்றுப் பங்குகளுக்குப் போகிறார்கள். நாளை ஒரு மூதாட்டி, கடவுள் நம்மைச் சோதனைக்குள் கொண்டுபோவாரா சாமி என்று கேட்டால், பழைய மொழிபெயர்ப்பு தவறம்மா, மாற்றிவிட்டார்கள் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளாகச் செபிக்கிறவர்களை நெருடிய கேள்வி அது. அந்த நெருடல் மூலத்திலேயே இருக்கிறது என்று அவருக்கு யார் சொல்வது?

மொழியைக் குறைத்தவர்களே மொழிபெயர்ப்பின்மேல் பழிபோடும்போது எனக்கு ஆறவில்லை. அடுத்த கல்வியாண்டின் பாடத்திட்டம் இன்னும் கையெழுத்தாகவில்லை என்று அறிகிறோம். இரண்டாம் பருவத்தையாவது திருப்பித் தாருங்கள். முதல் வாரத்திலேயே லூக்கா 5:19ஐக் கரும்பலகையில் எழுதித் தொடங்குகிறோம்.