காய் மேல குத்தம் இல்ல மக்களே!

நம்ம மெஸ்ஸுல தட்டு வைக்கிற இடத்துல ஒரு அஞ்சு நிமிஷம் நின்னு பாருங்க. சாதம் காலியாகியிருக்கும், சாம்பார் காலியாகியிருக்கும், அப்பளத்தோட தூள்கூட மிச்சம் இருக்காது. ஆனால் முக்கால்வாசித் தட்டுகளின் ஓரத்தில் ஒரு சின்னக் குன்று மட்டும் அப்படியே இருக்கும். ஒருநாள் அது பீன்ஸ், மறுநாள் கோஸ், அதற்கடுத்த நாள் பீட்ரூட். காய் மாறும், குன்று மாறாது.

கேட்டால், "எனக்குக் காய்கறியே பிடிக்காதுடா" என்பார்கள். இதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. உங்களுக்குக் காய்கறி பிடிக்காமல் இல்லை. தப்பாக வெந்த காய்கறிதான் பிடிக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. முதலாவதுக்கு மருந்து கிடையாது. இரண்டாவதைச் சரிசெய்ய ஒரு வாணலி, ஒரு கரண்டி, அரை மணி நேரம் போதும். இன்னும் ஒன்றிரண்டு வருஷத்தில் வேலை கிடைத்து, சென்னையிலோ பெங்களூரிலோ நாலு பேரோடு ஒரு வீட்டில் இருக்கப் போகிறவர்கள் நாம். அதற்குள் இதைக் கத்துக்கலைன்னா, தினமும் ராத்திரி போனைத் திறந்து பிரியாணியா பரோட்டாவா என்று யோசிப்பதுதான் நம்ம வாழ்க்கையாக இருக்கும்.

மெஸ் பொரியல் ஏன் அப்படி இருக்கு?

முதலில் சமையல் அண்ணன்களுக்காக ஒரு வார்த்தை. தப்பு அவங்க மேலயும் இல்லை. ஐந்நூறு பேருக்குப் பொரியல் செய்வது வேறு கணக்கு. பெரிய பாத்திரத்தில் கோஸை மலையாகக் கொட்டினால், அடியில் இருப்பதுதான் நேரடிச் சூட்டைப் பார்க்கும். மேலே இருப்பதெல்லாம் ஆவியில் வேகும். காயிலிருந்து வரும் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் அங்கேயே தேங்கும். தண்ணீர் இருக்கிறவரை சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். இது நாம் பள்ளியிலேயே படித்த பாடம்.

ஆனால் வறுத்த வாசனையும், ஓரத்தில் வரும் பொன்னிறமும் நன்றாக வரவேண்டுமென்றால் காயின் மேற்பரப்பு ஏறக்குறைய 140 டிகிரிக்குப் போகணும். அமினோ அமிலங்களும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து உண்டாக்கும் இந்த மாற்றத்தை 1912-ல் பிரான்ஸ் நாட்டு வேதியியலாளர் லூயி கமில் மயார் விவரித்தார். மயார் வினை என்று அவர் பெயரில்தான் சொல்கிறார்கள். முறுகல் தோசையின் நிறமும், வறுத்த காப்பிக்கொட்டையின் மணமும் இதனால்தான். பெரிய பாத்திரத்துப் பொரியலுக்கு அந்த வாய்ப்பே கிடைப்பதில்லை. அது பொரியல் என்ற பெயரில் வரும் அவியல் காய்.

இங்கேதான் நமக்கு ஒரு லாபம். இரண்டு பேருக்குக் கால் கிலோ காய் போதும். அகலமான வாணலியில் கால் கிலோவைப் பரப்பினால் எல்லாத் துண்டும் சூட்டைத் தொடும். ஐந்நூறு பேருக்குச் செய்பவரால் முடியாதது உங்களால் முடியும். மொத்தம் நாலே நாலு செய்முறை. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு சந்தையில் கிடைக்கிற பாதிக் காய்களைச் சமாளிக்கலாம்.

ஒன்று: பொரியல்

கால் கிலோ பீன்ஸைப் பொடியாக நறுக்குங்க. இரண்டு டீஸ்பூன் எண்ணெய் காய்ந்ததும் அரை டீஸ்பூன் கடுகு. அது வெடித்து அடங்கும்வரை பொறுங்க. வெடிக்காத கடுகு கசக்கும். பிறகு ஒரு டீஸ்பூன் உளுத்தம்பருப்பு, இரண்டு காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை. பருப்பு சிவந்ததும் பீன்ஸ், உப்பு, ஒரு கை தண்ணீர் தெளித்து மூடி, குறைந்த தீயில் எட்டு, பத்து நிமிஷம். இதுவரை எல்லாரும் செய்வார்கள். அடுத்ததுதான் முக்கியம்: மூடியை எடுத்துவிட்டு இன்னும் மூணு நிமிஷம் வதக்குங்க. ஈரம் போய், வாணலியில் சுர்ர்னு சத்தம் மாறும். அப்போதுதான் அது பொரியல். கடைசியில் இரண்டு கரண்டி தேங்காய்த் துருவல் போட்டு உடனே அடுப்பை அணைத்துவிடுங்க.

இதே முறையில் கேரட், கோஸ், அவரைக்காய், கொத்தவரங்காய் எதையும் செய்யலாம். கோஸுக்குத் தண்ணீர் தெளிக்கவே வேண்டாம், உப்புப் பட்டதும் அதுவே தண்ணீர் விடும். கேரட்டுக்கு எண்ணெயும் தேங்காயும் ருசிக்காக மட்டும் இல்லை. அதிலிருக்கும் பீட்டா கரோட்டின் கொழுப்பில் கரைவது, கொஞ்சம் எண்ணெய் இருந்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும்.

இரண்டு: வெண்டைக்காய் வதக்கல்

வழவழப்புதான் வெண்டைக்காய்க்கு எதிரான ஒரே குற்றச்சாட்டு. அதற்கு மூணு விதி. கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்து, அதற்குப் பிறகே நறுக்கணும். வதக்கும்போது மூடக்கூடாது. உப்பைக் கடைசியில் போடணும், ஏனென்றால் முதலிலேயே போட்டால் உப்பு காயின் தண்ணீரை வெளியே இழுக்கும், அந்தத் தண்ணீரில் வழவழப்பு பரவும். பாதி வெந்ததும் ஒரு டீஸ்பூன் தயிரோ, கொஞ்சம் புளித்தண்ணீரோ விட்டால் புளிப்பு அந்தப் பிசினை அடக்கிவிடும். நல்ல சூட்டில் பதினைந்து நிமிஷம், அடிக்கடி கிளறாமல் வதக்குங்க. ஓரம் கருத்து முறுகும்போது மிளகாய்த்தூள், உப்பு. தயிர்சாதத்துக்கு இதைவிட நல்ல ஜோடி இருந்தால் சொல்லுங்க.

மூன்று: கத்தரிக்காய்

கத்தரிக்காய் உள்ளே பஞ்சு மாதிரி. காற்று நிறைந்த அந்தப் பஞ்சு எண்ணெயை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், நாமும் ஊற்றிக்கொண்டே இருப்போம். அதனால் முதலில் ஒரு கரண்டி நல்லெண்ணெயில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து, நறுக்கிய காயைப் போட்டு, மஞ்சள்தூள், உப்பு, கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூடி வையுங்க. அஞ்சு நிமிஷத்தில் காய் சுருங்கி, காற்று போயிருக்கும். இப்போது மூடியை எடுத்து, இன்னும் ஒரு கரண்டி நல்லெண்ணெய், ஒன்றரை டீஸ்பூன் சாம்பார்த்தூள் சேர்த்து வதக்குங்க. எண்ணெய் உள்ளே போகாமல் காயின் மேலே நின்று மினுமினுக்கும். புளித்தண்ணீர் பிடிக்கும் என்றால் காய் வெந்த பிறகுதான் விடணும். புளிப்பு முன்னாடியே சேர்ந்தால் காய் சீக்கிரம் குழையாது. குழம்பில் உருளைக்கிழங்கு கல்லு மாதிரி இருந்ததென்றால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

கத்தரிக்காயைக் கிண்டல் பண்ணுகிறவர்களுக்கு ஒரு தகவல்: வேலூர் முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. காஞ்சிபுரம் பட்டுக்கும் மதுரை மல்லிக்கும் கிடைத்த அதே மரியாதை.

நான்கு: கூட்டு

நாக்கு செத்துப்போன நாளில் செய்யவேண்டியது இது. கால் கப் பாசிப்பருப்பைக் குழைய வேகவையுங்க. கால் கிலோ சுரைக்காய், சௌசௌ, புடலங்காய் இதில் எது கிடைத்தாலும் நறுக்கிப் போட்டு, மஞ்சள்தூள், உப்பு சேர்த்து வேகட்டும். தண்ணீர் கொஞ்சமாக விடுங்க, இந்தக் காய்களிலேயே நிறைய இருக்கு. மூணு கரண்டி தேங்காய், ஒரு டீஸ்பூன் சீரகம், இரண்டு பச்சை மிளகாய் அரைத்து ஊற்றி ஒரே ஒரு கொதி. மிக்சி இல்லையா? சீரகத்தையும் மிளகாயையும் டம்ளர் அடியால் நசுக்கி, தேங்காயைத் துருவிப் போடுங்க, போதும். மேலே தேங்காய் எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை தாளித்தால் தெருமுனை வரை மணக்கும். காயும் பருப்பும் ஒரே பாத்திரத்தில் வந்துவிட்டதால், சாதம் மட்டும் இருந்தால் அன்றைய சாப்பாடு முடிந்தது. காய் வெந்த தண்ணீரைக் கீழே கொட்டாததால் அதில் கரைந்த சத்தும் வீணாகாது.

"அதெல்லாம் சரி, ஆனா..."

நேரம் இல்லை என்பீர்கள். பீன்ஸ் நறுக்கப் பத்து நிமிஷம், வேகப் பதினைந்து நிமிஷம். ஆர்டர் பண்ணிவிட்டு, டெலிவரி அண்ணன் எந்தச் சிக்னலில் நிற்கிறார் என்று போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்துக்குள் பொரியல் தயார்.

ஹாஸ்டலில் அடுப்பு வைக்க விடமாட்டார்கள் என்பீர்கள். உண்மைதான், அலமாரிக்குள் இண்டக்‌ஷன் அடுப்பை ஒளித்து வைக்கச் சொல்லவும் இல்லை. அந்த அறையின் வயரிங் அதற்காகப் போட்டதில்லை என்பது நம்ம துறைக்காரர்களுக்கே தெரியும். ஆனால் வருஷத்துக்கு இரண்டு செமஸ்டர் லீவு இருக்கிறது, வீட்டில் அடுப்பும் இருக்கிறது.

உடம்புக்கு என்ன ஆகிவிடப் போகுது என்பீர்கள். ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் காயும் பழமும் சாப்பிடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். உருளைக்கிழங்கு அந்தக் கணக்கில் சேராது, எனவே சிப்ஸ் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு வாதாட வராதீங்க. ஓரத்தில் தள்ளிய அந்தச் சின்னக் குன்றையும் கழித்துவிட்டு, நேற்று நீங்கள் சாப்பிட்டது எத்தனை கிராம் என்று நீங்களே போட்டுப் பாருங்க.

கடைசியாக ஒன்று சொல்வீர்கள்: "என்னதான் செஞ்சாலும் அம்மா கைப்பக்குவம் வராது." கேட்க அன்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஒரு வாக்கியம்தான் எனக்கு எல்லாவற்றையும்விடச் சந்தேகத்தைத் தருகிறது. கைப்பக்குவம் என்பது பிறவியில் வருவது இல்லை. கடுகு வெடிக்கும் சத்தத்தையும், ஈரம் வற்றும் சத்தத்தையும் ஆயிரம் தடவை கேட்ட காது அது. அம்மாவும் நம்ம வயசில், பல வீடுகளில் நம்மைவிடச் சின்ன வயசில், ஒருநாள் அடிப்பிடிக்க வைத்துத்தான் கத்துக்கிட்டாங்க. அவங்களுக்குக் கத்துக்கொள்ளாமல் இருக்கும் வசதி கிடைக்கவில்லை, நமக்குக் கிடைத்தது. பசங்களுக்கு ரொம்பவே தாராளமாகக் கிடைத்தது.

2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இதைத்தான் எண்ணில் காட்டியது. சம்பளம் இல்லாத வீட்டு வேலையில் ஒரு நாளில் ஈடுபடும் பெண்கள் நூற்றுக்கு 81 பேர், ஆண்கள் நூற்றுக்கு 26 பேர். நாம் "உங்க கைப்பக்குவம் யாருக்கும் வராதும்மா" என்று புகழும்போது, அந்தப் புகழ்ச்சியிலேயே அவங்களை அடுப்புப் பக்கம் நிறுத்திவிட்டு நாம் வெளியே வந்துவிடுகிறோம். நாளைக்கு நம்மோடு வாழப் போகிறவர் நம்மைப் போலவே எட்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வருவார். அந்த வீட்டிலும் இரவுச் சமையல் யாருடையது என்ற கேள்வி வரும். பதில் சொல்ல வெறும் நல்ல மனசு போதாது, பொரியல் செய்யத் தெரிந்திருக்கணும்.

சந்தைக்கும் நீங்களே போங்க

காய் வாங்குவதும் சமையலில் பாதி. 1999-ல் மதுரையில் தொடங்கி மற்ற ஊர்களுக்கும் பரவிய உழவர் சந்தை உங்க ஊரிலும் இருந்தால், காலையில் சீக்கிரம் போங்க. வெண்டைக்காயின் நுனி சட்டென்று ஒடியணும். பீன்ஸும் அப்படித்தான், வளைந்தால் பழசு. சுரைக்காயில் நகம் லேசாக இறங்கணும். கத்தரிக்காயின் தோல் பளபளக்கணும், காம்பு பச்சையாக இருக்கணும். சந்தேகம் வந்தால் விற்கும் அக்காவையே கேளுங்க, "இதை எப்படிக்கா செய்றது?" என்று. இலவசமாக ஒரு செய்முறையும், கொசுறாகக் கொஞ்சம் கறிவேப்பிலையும் கிடைக்கும்.

இந்த லீவுக்கு வீட்டுக்குப் போனதும் நாலையும் ஒரே நாளில் செய்து காட்டவேண்டாம். வாரத்துக்கு ஒன்று போதும். முதல்நாள் உப்பு கூடலாம், இரண்டாம் நாள் கடுகு கருகலாம். மூன்றாவது தடவை சரியாக வரும். ஒரே ஒரு நிபந்தனை: நறுக்கிய தோலை அள்ளிப் போடுவதும், வாணலியைத் தேய்த்துக் கவிழ்ப்பதும் உங்க வேலைதான். அதுவும் சேர்ந்ததுதான் சமையல்.